காவற் கடமையும் கருவி ஏந்தும் உரிமையும்



கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்பது ஓர் ஊர். ஏரியும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த சிற்றூராக இருந்த அதன் பெயர் இந்த நூற்றாண்டில் இரண்டு காரணங்களால் பலர் காதுக்கும் எட்டியது. ஒன்று, அங்கே அமைந்த சிப்காட் தொழிற்பூங்கா. மற்றொன்று, சென்னை நகரின் குடிநீர்த் தேவைக்காக 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் கட்டப்பெற்று, 2020 நவம்பரில் நாட்டுக்கு அளிக்கப்பெற்ற நீர்த்தேக்கம். தொழில் வளர்ந்த இடத்தில் மக்கள் நடமாட்டமும் வளரும். உணவு விடுதி, பெட்ரோல் நிலையம், எடைமேடை, மளிகைக் கடை, திருமண மண்டபம் ஆகியவை ஒவ்வொன்றாய் எழும். இவை யாவும் தனியாருக்குச் சொந்தமானவை. ஆயினும் பொதுமக்கள் தடையின்றி வந்து போகும் இடங்கள்.

இத்தகைய இடத்திலே ஒருவர் தம் உயிரைக் காத்துக்கொள்வதற்கென்று இடுப்பில் துப்பாக்கியுடன் நிற்கலாமா? நிற்கலாம் எனின், அனுமதி தருபவர் யார்? இடத்துக்கு உரியவரா, அரசாங்கமா? கேள்வி புதியதாகத் தோன்றும். உண்மையில் இது நம் நாட்டிலே மிகப் பழைய கேள்வி. காப்பவன் யார், கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்னும் வழக்கு பல நூற்றாண்டுகளாக இம்மண்ணில் நடந்து வந்திருக்கிறது. அவ்வரலாற்றை இன்று சுருக்கமாக நோக்குவோம்.

தேர்வாய் கண்டிகைக்குக் கிழக்கே கடற்கரையில் இருப்பது பழவேற்காடு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் அங்கே ஒரு பண்டகசாலை நிறுவினர். துணி வாங்கவும் மிளகு விற்கவும் உள்ளூர் வணிகரும் தரகரும் நாள்தோறும் வந்து சென்ற இடம் அது. 1612-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அதனைத் தாக்கினர். அடுத்த ஆண்டே, அதாவது 1613-இல், டச்சுக்காரர் அவ்விடத்திலே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். காலப்போக்கில் அங்கே வெடிமருந்தும் உற்பத்தி செய்து, கீழ்த்திசையிலிருந்த தங்கள் பிற நிலையங்களுக்கு அனுப்பலாயினர். வணிகம் செய்ய வந்த இடத்தில் தற்காப்புக்கென்று பீரங்கி வந்தது. பீரங்கி வந்தபின் வணிகர் ஆட்சியாளராயினர். கடையைக் காக்க ஏந்திய கருவி கடையோடு நின்றுவிடாது என்பதற்கு நம் மாவட்டத்தின் கடற்கரையே முதற் சான்றாகும்.

இனி உள்நாட்டுக்கு வருவோம். ஊர் காக்கும் பணி தமிழகத்தில் தொன்மையானது. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் போரில் உயிர் நீத்த வீரருக்கு எடுத்த நடுகற்களைச் செங்கம் முதலிய வட்டாரங்களில் இன்றும் காணலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் வரி பயின்று வருகிறது. ஊரைக் காப்பதற்கென்று ஊரார் செலுத்திய வரி அது. பிற்காலத்தில் இவ்வேற்பாடு இரு நிலைகளில் நிலைபெற்றது. ஓர் ஊரளவில் நிகழ்ந்தது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பாளையக்காரர் மேற்கொண்டது தேசகாவல்.

செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் ஆர்க்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அச்சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, அவற்றின் வருவாயையும் வழக்கங்களையும் தாமஸ் பர்னார்டு என்பவர் பதிவு செய்தார். களத்து மேட்டிலே நெல்லை அளக்குமுன் கோயிலுக்கும், கணக்கருக்கும், தச்சருக்கும், நீர் பாய்ச்சுவோருக்கும் பங்கு ஒதுக்கியதுபோலவே காவற்காரருக்கும் ஒதுக்கினர் என்பதை அப்பதிவுகளால் அறிகிறோம். காவல் என்பது அன்று தனிமனிதன் தன் கையில் எடுத்துக்கொண்ட உரிமையன்று. ஊர் கூலி கொடுத்து ஒப்படைத்த கடமை.

அக்கடமைக்குப் பொறுப்பும் உண்டு. காவலில் இருந்த பொருள் களவு போனால், காவற்காரர் அதனை மீட்டுத் தர வேண்டும். மீட்க இயலாவிடின் ஈடு செலுத்த வேண்டும். சென்னை நகரிலேயே இம்முறை நிலவியது. கம்பெனியார் ஆட்சியின் தொடக்க காலத்தில் கறுப்பர் பட்டணத்தின் காவல் ‘பெத்த நாயக்கர்’ என்னும் பரம்பரைப் பதவியாளரிடம் இருந்தது. அவர் ஆட்களை வைத்துக் காத்தார். இறையிலி நிலமும் சில பண்டங்களின்மீது சிறு தீர்வையும் பெற்றார். களவுக்கு ஈடு செலுத்தும் கடப்பாடும் அவருக்கு இருந்தது. பெத்துநாயக்கன்பேட்டை என்று இன்றும் வழங்கும் பெயர் அவ்வரலாற்றின் எச்சமேயாகும்.

ஆனால் மாணவர்களே, எந்த ஏற்பாட்டையும் அதன் சிறப்பை மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. காவற்கூலி சில இடங்களில் மிரட்டிப் பெறும் கூலியாக மாறிற்று. கூலி தர மறுத்தவன் வீட்டு மாடு மறுநாள் காணாமற் போயிற்று. காப்பவனுக்கும் கவர்பவனுக்கும் இடையே இருந்த கோடு அழிந்தது. 1895-96 ஆண்டுகளில் திண்டுக்கல் வட்டாரத்து உழவர்கள் காவற்கூலி தர மறுத்து, ‘பண்டு’ என்னும் பொது நிதி திரட்டி, பொருள் இழந்தவர்க்கு அதிலிருந்து ஈடு செய்ய முற்பட்டனர். அவ்வியக்கத்திற் கலகமும் கலந்தது. எனினும் அதன் கருத்து கருதத்தக்கது. கருவி உள்ளவனை நம்பி வாழ்வதைவிட ஒருவருக்கொருவர் துணை நிற்பது மேல் என்று எளிய உழவர்கள் எண்ணிய காலம் அது.

அரசாங்கம் கருவிகளைப் பறித்த வரலாறு இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். உடனே மேஜர் பேனர்மேன் திருநெல்வேலிப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டான். 1801-இல் மீண்டும் போர் மூண்டது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். போர் முடிந்ததும், சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1-ஆம் நாள் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் படைக்கலம் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் அதனால் ஒழிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் காவற் பொறுப்பும் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் அரசாங்கத்தின் கீழ் ஊர்க்காவற் பணியில் அமர்த்தியது. 1859-இல் சென்னை மாகாணப் போலீசுச் சட்டம் பிறந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். குடிகளிடமிருந்து வாளையும் வேலையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்ட அரசாங்கம், அதற்கு ஈடாக ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறது. ‘உன்னை நான் காப்பேன்’ என்பதே அக்கடன். பெத்த நாயக்கர் தவறினால் ஈடு தந்தார். அரசாங்கம் தவறினால் யார் ஈடு தருவது? இக்கேள்விக்கு விடையளிக்கும் முயற்சியாகவே தற்காப்புச் சட்டத்தைக் கருதலாம்.

மெக்காலே 1837-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலை ஆக்கினார். இந்நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டத்தாரின் கொடுமையையும் பொறுமையாகத் தாங்கிக்கொள்கின்றனர். அவர்களிடம் எதிர்த்து நிற்கும் ஊக்கத்தை வளர்க்க வேண்டும். ஆதலின் தற்காப்புரிமை விரிவாக இருக்க வேண்டும் என்பது நகலை ஆக்கிய குழுவினரின் கருத்து. அச்சட்டம் 1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பைப் பற்றியன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாக அவை ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றுள்ளன.

அப்பிரிவுகளின் சாரம் இது. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் இடத்துக்குத் தீயிடுதல் போன்ற கொடிய நிலைகளில் அவ்வுரிமை எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கும் செல்லலாம். ஆனால் அதற்கு இரண்டு கரைகள் உண்டு. போலீசாரின் துணையை நாட நேரம் இருக்குமானால் அவ்வுரிமை எழாது. காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் ஊறு செய்யவும் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேன். மளிகைக் கடையில் ஒருவன் ஒரு பொட்டலத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் என்று கொள்வோம். கடைக்காரர் துரத்திப் பிடிக்கலாம், சுட்டுக் கொல்லலாகாது. அதே கடையில் இரவில் கத்தியுடன் கதவை உடைத்துப் புகுந்தவன் கடைக்காரரின் கழுத்துக்குக் கத்தியை நீட்டினால் நிலைமை வேறு. அச்சத்தில் நடுங்கும் மனிதன் தன் அடியின் அளவைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நம் நீதிமன்றங்கள் பன்முறை கூறியிருக்கின்றன. தற்காப்புரிமையை அளப்பது கையிலுள்ள கருவியன்று. நேர்ந்த ஆபத்தே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தற்காக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. ஆனால் தற்காக்கும் கருவி எல்லோருக்கும் கிட்டவில்லை. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு பெற வேண்டும். ஐரோப்பியருக்கு அக்கட்டாயம் இல்லை. ஒரே தெருவில் வாழும் இருவருள் ஒருவரின் நிறம் பார்த்து நம்பிக்கையும், மற்றவரின் நிறம் பார்த்து ஐயமும் கொண்ட சட்டம் அது. இதனை மாற்ற வேண்டுமென்று காங்கிரசு மகாசபை தீர்மானம் செய்தது நம் சென்னையிலேதான். 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மக்கீசுத் தோட்டத்தில் கூடிய மூன்றாம் மாநாட்டில் அது நிறைவேறியது. அந்த நாளில் அரசாங்கத்தின் ஐயம் தனிமனிதரோடு நிற்கவுமில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக ஊர் காத்த மக்களே பிறப்பால் குற்றவாளிகள் எனப் பெயரிடப்பட்டனர். 1947-இல் நம் மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

1931-இல் கராச்சிக் காங்கிரசு அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானத்தை இயற்றியது. விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அந்த உரிமைகளின் வரிசையில் இடம்பெற்றது. ஆகவே விடுதலை வந்ததும் அவ்வுரிமை அரசியலமைப்பில் ஏறும் என்று சிலர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹரி விஷ்ணு காமத் அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தையும் நினைவூட்டினார். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. இவ்வுரிமையை எல்லோர்க்கும் பொதுவாக எழுதிவைத்தால் திருடரும் கொள்ளையரும்கூட அதனைக் கோருவர் என்றும், இக்காலத்துக்கு வேண்டுவது தனிமனிதன் ஆயுதம் ஏந்தும் உரிமையன்று, நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்தும் கடமையே என்றும் அவர் விடையிறுத்தார். திருத்தம் தோற்றது. நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்குக் கூடும் உரிமையைத் தருகிறது. ஆனால் ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ கூடும் உரிமையாகவே தருகிறது.

1801-இலும் ஆயுதம் விலக்கப்பட்டது; 1948-இலும் அடிப்படை உரிமையாக அது ஏற்கப்படவில்லை. இரண்டும் ஒன்றா? அல்ல. முன்னது வென்றவன் தோற்றவனுக்கு இட்ட விலங்கு. பின்னது, மக்களின் பிரதிநிதிகள் ஒரு சபையிலே கூடி, இருபுற வாதமும் கேட்டு, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரம்பு. வரலாற்று மாணவர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அவ்வழியே வந்தது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருந்து வருகிறது. நிறமும் இனமும் பாராது, எவராயினும் துப்பாக்கிக்கு உரிமம் பெற வேண்டும். குடகு நாட்டவர்க்கு ஆங்கிலேயர் காலம் முதல் இருந்துவரும் விலக்குப் போன்ற சில விலக்குகள் மட்டும் நீடிக்கின்றன. 2019-இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் பொதுவாக இயலாது.

உரிமம் பெற்றவரும் நினைத்த இடத்துக்கெல்லாம் துப்பாக்கியுடன் செல்ல முடியாது. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கும், பள்ளி கல்லூரி வளாகத்துக்குள்ளும் தனி அனுமதியின்றி ஆயுதம் கொண்டு செல்லலாகாது என்பது உரிமத்தின் நிபந்தனை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டு செல்ல வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் விதி. தேர்தற் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைப் போலீசு நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. திருமண வீட்டிலோ கோயிலிலோ மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் எனவும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. திருமண மண்டபம் தனியாருடையதாயினும், அங்கே கூடுவோர் பொதுமக்கள். எனவே சட்டம் மண்டபத்தின் பட்டாவைப் பார்ப்பதில்லை. கூடியிருப்பவரின் உயிரையே பார்க்கிறது.

இடத்துக்கு உரியவரின் உரிமை என்ன ஆயிற்று என்று வினவலாம். அது மறையவில்லை. கடை எல்லோர்க்கும் திறந்திருக்கிறது என்பது, எப்படி வந்தாலும் ஏற்கிறோம் என்று பொருள்படாது. ஆயுதத்தோடு வருபவரை வெளியே நிற்கச் சொல்லும் உரிமை உரியவருக்கு உண்டு. சொல்லியும் அச்சுறுத்தும் நோக்கத்தோடு உள்ளே நிற்பவர் அத்துமீறிப் புகுந்த குற்றத்துக்கு ஆளாவார். மறுபுறம், இடம் தமது என்பதனாலேயே உரியவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கவும் முடியாது. தொழிற்சாலை வாயிலில் நிற்கும் தனியார் காவலரும் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவரே. அவர் போலீசுக்காரர் அல்லர். அவரது தற்காப்புரிமையும் நம் ஒவ்வொருவருக்கும் உள்ள தற்காப்புரிமையின் அளவினதே.

அமெரிக்க நாட்டின் வழி வேறு. அங்கே 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஆயுதம் ஏந்துவதை உரிமையாக்கியது. தற்காப்புக்கென வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி கொண்டு செல்லும் உரிமை உண்டென்று 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், மக்கள் வந்து போகும் தனியார் இடத்தில் உரியவர் வெளிப்படையாக இசைவு தந்தாலொழியத் துப்பாக்கியுடன் நுழையலாகாது என 2023-இல் ஹவாய்த் தீவு மாநிலம் சட்டம் இயற்றியது. உரியவர் பேசாதிருந்தால் அதற்கு ‘வரலாம்’ என்று பொருளா, ‘வரலாகாது’ என்று பொருளா என்னும் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரிமையிலிருந்து தொடங்கும் நாடு எங்கே தடுப்பது என்று தேடுகிறது. தடையிலிருந்து தொடங்கும் நம் நாடு எங்கே அனுமதிப்பது என்று தேடுகிறது.

இரு வழிகளுள் நம் வழியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டுள்ளேன். சந்தையிலும் விடுதியிலும் மண்டபத்திலும் நாம் முன்பின் அறியாதவரோடு கூடி நிற்கிறோம். ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தால், அவர் மனத்திலுள்ளது தற்காப்பா தாக்குதலா என்பதை அருகில் நிற்பவர் அறிய வழியில்லை. அவருக்குத் துணிவு தரும் கருவி மற்ற நூறு பேருக்கு அச்சம் தருகிறது. பழங்காலத்துக் காவற்கூலி மிரட்டற்கூலியாகத் தேய்ந்ததும் இவ்வாறுதான்.

ஆயினும் எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கலாகாது. தொலைவிலுள்ள தோப்பு வீட்டில் தனித்து வாழும் முதியவரும், இரவுப் பணி முடித்துத் தனியே திரும்பும் பெண் தொழிலாளியும், ‘போலீசு வரும்வரை நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டால் அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை, ‘சட்டம் அப்படித்தான்’ என்பதன்று. தெருவிளக்கும், இரவு ரோந்தும், அழைத்தவுடன் வரும் காவலரும், ஓடிவரும் அண்டை வீட்டாருமே அதற்குரிய விடை. குடிகளிடமிருந்து கருவியை வாங்கிய அரசாங்கம் பட்ட கடன் அது. அக்கடனை அரசாங்கம் ஒழுங்காகத் தீர்க்கும் ஊரில் துப்பாக்கி கேட்பவர் குறைவர். தீர்க்காத ஊரில் தடைச்சட்டம் மட்டும் நெடுநாள் நிற்காது.

மாணவ மணிகளே! நாளை நீங்கள் வாக்காளராகவும் அதிகாரியாகவும் தொழில் நடத்துவோராகவும் விளங்கப் போகிறீர்கள். ஊருக்குத் தீங்கு நேரும்போது, கருவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேளாதீர்கள். காக்கும் கடமை யாருடையது, அவர் அதைச் செய்தாரா என்றும் கேளுங்கள். அக்கேள்வியை அஞ்சாது கேட்கும் குடிமக்கள் உள்ள வரையில் நம் சந்தைகளும் சாலைகளும் மண்டபங்களும் ஆயுதமின்றியே அமைதியாக விளங்கும்.